ஐடி-ஆர்ட் செயலி: களவு போன பொருள் ஏலத்தில் தலைகாட்டினால் உதவுமா?

இன்டர்போல் 2021 மே மாதம் வெளியிட்ட இலவசச் செயலி இது. ஏலத்தில் வாங்கப்போகும் பொருள் திருட்டுச் சரக்கா என்று பார்க்கத்தான் பலர் இதை இறக்குகிறார்கள். அந்த வேலைக்கு இது சுமார் ரகம். உருப்படியான பகுதி வேறு.

முதலில் தேடல். படத்தை ஏற்றலாம், அல்லது பொருளின் வகை, செய்பொருள் என்று கட்டங்களை நிரப்பலாம். செயலி அலசுவது 50,000க்கும் மேற்பட்ட பொருள்கள் கொண்ட இன்டர்போல் பட்டியலை. ஓவியம், சிலைக்குச் சரி. ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வந்த நாணயம், அஞ்சல்தலைக்குப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். தனியாக அடையாளம் காட்ட முடிந்த பொருளைத்தான் பட்டியலில் சேர்ப்பார்கள். நாமாகச் சேர்க்கவும் முடியாது. எஃப்.ஐ.ஆர். பதிவாகி, இந்தியாவில் சிபிஐ வழியாகப் போக வேண்டும். போலீஸுக்கே போகாத திருட்டு இதில் இருக்காது. ஆக, 'எதுவும் பொருந்தவில்லை' என்று வந்தால் சரக்கு சுத்தம் என்று அர்த்தமில்லை.

உருப்படியான பகுதி, சொந்தச் சேகரிப்பைப் பதிந்துவைக்கும் வசதி. ஆப்ஜெக்ட் ஐடி என்ற சர்வதேச முறைப்படி படம், அளவு, செய்பொருள், எழுத்து, முத்திரை, தனி அடையாளம் என்று கேட்டு ஓர் அட்டை தயாராகிறது. களவு போனால் போலீஸிடம் அதையே நீட்டலாம். 'தனி அடையாளம்' கட்டத்தை மட்டும் அவசரமாக நிரப்பாதீர்கள். 'நல்ல நிலை' என்று எழுதினால் எதற்கும் ஆகாது. அஞ்சல்தலை என்றால் இரண்டு பக்கமும் ஸ்கேன், படம் எந்த ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கிறது, ஓரத்துப் பற்களில் எந்தப் பக்கத்தில் எத்தனையாவது குட்டை, பசைப் பக்கத்துப் பென்சில் குறி. நாணயம் என்றால் எடை, விளிம்புக் கீறல். போனில் மட்டும் விட்டுவைக்காமல் இன்னொரு நகலும் வேண்டும்.

இதெல்லாம் எதற்கென்றால், விமானம் தலைகீழாக அச்சான 1918ஆம் ஆண்டின் அமெரிக்க 24 சென்ட் அஞ்சல்தலைகளில் நான்கு, சேகரிப்பாளர் எதெல் மெக்காயிடம் ஒரே தொகுதியாக இருந்தவை, 1955இல் வர்ஜீனியாவின் நார்ஃபோக் கண்காட்சியில் களவு போயின. அவற்றில் ஒன்று 2016இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. அவை அச்சான, நூறு தலைகள் கொண்ட தாளில் அது, களவு போன நான்கில் ஒன்றான 76ஆம் இடத்துத் தலை என்று வல்லுநர்கள் உறுதிசெய்ததால்தான், மெக்காயிடமிருந்து உரிமை பெற்றிருந்த அமெரிக்க அஞ்சல்தலை ஆய்வு நூலகத்துக்கு அது திரும்பியது.

பொருள் ஏலப் பட்டியலில் கண்ணில் பட்டுவிட்டால் செயலியின் வேலை அங்கே முடிகிறது. மீதி நம் பாடு. ஏலம் கேட்டு வாங்கிவிடலாம் என்று இறங்காதீர்கள். லாட் எண் (ஏலத்தில் அந்தப் பொருளுக்குத் தந்த எண்), படங்கள், தேதியோடு பக்கத்தைச் சேமியுங்கள். எஃப்.ஐ.ஆர்., பழைய படம், வாங்கிய ரசீது மூன்றையும் இணைத்து ஏல நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்கு எழுதி, லாட்டை ஏலத்திலிருந்து விலக்கி, யாரிடமும் கொடுக்காமல் வைத்திருக்கக் கேளுங்கள். விற்கக் கொடுத்தவர் பெயரை எளிதில் சொல்ல மாட்டார்கள். அது போலீஸ், நீதிமன்றம் வழியாக வர வேண்டியது. ஏலம் முடிந்து சுத்தியல் விழுவதற்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். விழுந்துவிட்டால் விவரம் அறியாத இன்னொருவர் வழக்கில் நுழைந்துவிடுவார்.

ஊரும் முக்கியம். இங்கிலாந்தில், திருட்டு என்று தெரியாமல் ஒருவர் வாங்கி ஆறு ஆண்டு ஆகிவிட்டால் பழைய சொந்தக்காரரின் உரிமை பொதுவாக அற்றுப்போகும். நியூயார்க்கில், நாம் திருப்பிக் கேட்டு, பொருளை வைத்திருப்பவர் மறுத்த நாளிலிருந்துதான் மூன்று ஆண்டுக் கெடு ஓடும். ஆனால் விஷயம் தெரிந்தும் சும்மா இருந்தால் அதுவே எதிர்வாதமாகும்.

பெரிய ஏல நிறுவனங்கள் களவு போன கலைப்பொருள்களைப் பட்டியலிடும் லண்டனின் ஆர்ட் லாஸ் ரெஜிஸ்டரிலும் சரிபார்ப்பதால், விலை உயர்ந்த பொருளை அங்கேயும் பதிவது நல்லது. அந்தப் பட்டியலைப் பொதுமக்கள் நேரடியாகத் தேட முடியாது. இன்ஷூரன்ஸ் பணம் வாங்கியவர்கள் எதற்கும் முன் பாலிசியைப் புரட்டிப் பாருங்கள்: இழப்பீடு கொடுத்த கம்பெனிக்கே பொருளின் உரிமை போயிருக்கலாம். அப்படியானால் ஏல நிறுவனத்துக்கு எழுத வேண்டியது அவர்கள்தான்.