ஐல் ஆஃப் த டெட்: காற்று மாறும்வரை யாரும் தீவை விட்டுப் போகக் கூடாது

ரத்தக்காட்டேரிப் படம் என்று சொல்லித்தான் அக்கா மகன் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். கோரைப்பல்லையும் கருப்பு அங்கியையும் எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம். 1945இல் வந்த கருப்பு வெள்ளைப் படம், ஓடுவது ஒன்றேகால் மணி நேரத்துக்கும் குறைவு. ஒரு சொட்டு ரத்தத்தைக்கூட யாரும் குடிப்பதில்லை. ஆனால் இந்த வருட மீன்பிடித் தடைக்காலத்தில் நான் பார்த்ததில் இது ஒன்றுதான் மனதில் ஒட்டிக்கொண்டது.

ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கும் மண்டபம் ஊரில், ஐஸ் ஆலையில் ராத்திரி ஷிப்ட் எனக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் ஏறிப் பெயிண்ட் அடித்துக்கொண்டு கிடக்கும். நாட்டுப்படகுக்காரர்களுக்குப் போகும் கொஞ்சம் ஐஸுக்கு ஒரு கம்ப்ரசர் ஓடினால் போதும். அமோனியா பிரஷரை அவ்வப்போது பார்த்துக்கொண்டால் மற்ற நேரம் நமதுதான். அப்படிப் பார்த்த படங்களில் பாதி, பேய் வந்து ‘ஆ’ என்று கத்தி நம்மை எழுப்பிவிடுகிற ரகம். இது அந்த ரகமில்லை.

கதை 1912இல், முதல் பால்கன் போர் நடக்கும்போது, கிரேக்கத்தில். துருக்கி சாம்ராஜ்யத்துக்கு எதிராக கிரேக்கம், பல்கேரியா, செர்பியா, மாண்டினீக்ரோ நான்கும் சேர்ந்து இறங்கிய போர் அது. படத்தில் சண்டைக் காட்சி கிடையாது. சண்டை முடிந்த களம்தான் இருக்கிறது. செத்தவர்களை வண்டியில் அள்ளிப்போட்டுச் சிப்பாய்களே இழுக்கிறார்கள். அதற்கும் முன்னால், முதல் காட்சியிலேயே, ஜெனரல் ஃபெரிடீஸ் யார் என்று காட்டிவிடுகிறார்கள். படையைத் தாமதமாகக் கொண்டுவந்த ஒரு கர்னல் எதிரே நிற்கிறார். ஜெனரல் கத்தவில்லை, திட்டவில்லை. கைத்துப்பாக்கியை நீட்டுகிறார். அந்த மனிதர் அதை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார். வெடிச்சத்தம். அவ்வளவுதான், அடுத்த வேலை.

இந்த ஜெனரல்தான் போரிஸ் கார்லாஃப். 1931இல் ஃபிராங்கன்ஸ்டைன் படத்தில் பூதமாக வந்தவர். இதில் முகத்தில் எந்தப் பூச்சும் இல்லாமல், சுருட்டை முடியோடு, முதுகு விறைத்தபடி நடக்கிறார். அந்த விறைப்பில் கொஞ்சம் நிஜம்தான். படப்பிடிப்பு 1944 ஜூலையில் நின்றதே இவருடைய முதுகு அறுவை சிகிச்சையால்தான். டிசம்பரில்தான் மறுபடி தொடங்கினார்கள். தயாரிப்பாளர் வால் லூட்டன், இயக்குநர் மார்க் ராப்சன். குறைந்த செலவில் ஹாலிவுட்டின் ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்குப் பேய்ப்படம் எடுத்துக் கொடுத்த கூட்டணி. பேயைக் காட்டப் பணமில்லாததால் இருட்டையும் சத்தத்தையும் வைத்தே பயமுறுத்தக் கற்றுக்கொண்டவர்கள்.

ஜெனரல் தன் மனைவியின் கல்லறையைப் பார்க்க ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்காரனோடு பக்கத்துத் தீவுக்குப் படகில் போகிறார். கல்லறை காலியாக இருக்கிறது. எங்கோ ஒரு பெண் பாடும் குரல். அதைத் தேடிப் போனால் ஒரு வீடு, அதில் போருக்குப் பயந்து ஒதுங்கிய நாலைந்து பேர். மறுநாள் காலை அதில் ஒருவர் செத்துக் கிடக்கிறார். பிளேக். ஜெனரல் உடனே உத்தரவு போடுகிறார்: ஒருவரும் தீவை விட்டுப் போகக் கூடாது, தான் உட்பட. ராணுவ மருத்துவர் வந்து சொல்வது இதுதான்: நோயைப் பரப்புவது தெள்ளுப்பூச்சி, தெற்கேயிருந்து சிரோக்கோ என்கிற சூடான வறண்ட காற்று வீசினால் தெள்ளெல்லாம் காய்ந்து செத்துவிடும், அதுவரை கையைக் கழுவிக்கொண்டு ஒருவரையொருவர் தொடாமல் காத்திருங்கள்.

இந்த இடத்தில்தான் எனக்குப் படம் பிடித்துப்போனது. வெளியூர்க்காரர்களுக்கு இது கதைக்காகச் சேர்த்த சங்கதியாகத் தெரியலாம். காற்றைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவனுக்கு அப்படித் தெரியாது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடித்தால் தென்கடல் பொங்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை வந்தால் எல்லாம் தலைகீழ். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் மீன்துறை அலுவலகத்தில் கடலுக்குப் போக டோக்கன் கிடையாது. டோக்கன் இல்லையென்றால் படகு போகாது, எங்களிடம் ஐஸும் போகாது. நாலு நாள் அப்படிச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். முதல் நாள் சீட்டாட்டம், இரண்டாம் நாள் பழைய பாக்கி, மூன்றாம் நாள் யாரால் இந்தத் தரித்திரம் என்ற பேச்சு தானாக ஆரம்பித்துவிடும். படமும் அப்படித்தான் போகிறது. காற்று திரும்பவில்லை, ஆட்கள் சாகிறார்கள், அடுத்தது பழி போட ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் தியா என்கிற வேலைக்காரப் பெண். அவள் பார்த்துக்கொள்கிற எஜமானியம்மா வெளுத்து மெலிந்து நாளுக்கு நாள் தேய்கிறாள். தியாவோ கன்னம் சிவந்து நன்றாக இருக்கிறாள். போதாதா? வீட்டில் இருக்கும் கைரா என்ற கிழவி ஆரம்பிக்கிறாள்: இவள் வோர்வோலகா, தூங்கும்போது பக்கத்தில் இருப்பவர்களின் உயிரை உறிஞ்சுகிறவள். ராத்திரியில் தியாவின் கதவுக்கு வெளியே நின்று முணுமுணுக்கிற காட்சி இருக்கிறதே, அதைப் பார்த்தபோது ஆலையின் வெளி விளக்கைப் போட்டுவிட்டு வந்துதான் மறுபடி உட்கார்ந்தேன். அப்புறம் வீட்டில் எல்லாரோடும் பார்த்தபோது என் அத்தை அரைமணி நேரத்திலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்: “மாப்ள, பேயி அந்தப் புள்ள இல்ல. இந்தக் கெழவிதான்.”

“இருங்க அத்தை, முழுசாப் பாருங்க” என்றேன். அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் கிழவி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அது புரளி. அதிகாரம் இருப்பவன் நம்பும்போதுதான் விஷயம் வேறாகிறது. ஜெனரல் ஆரம்பத்தில் சட்டம், மருத்துவம் தவிர எதையும் நம்பாதவர். மருத்துவரும் பிளேக்கில் செத்தவுடன் அவருக்குக் காவல் காக்க ஏதாவது வேண்டியிருக்கிறது. கிருமியை மிரட்ட முடியாது, காற்றுக்கு உத்தரவு போட முடியாது. ஒரு பெண்ணை மிரட்டலாம். கர்னலிடம் துப்பாக்கியை நீட்டிய அதே அமைதியோடு தியாவைச் சுற்றி வருகிறார். போர் முதல் பத்து நிமிடத்தோடு முடிந்துவிட்டதே என்று நினைத்தால், அது இவர் உடம்பில் ஏறி படகில் தீவுக்கு வந்திருக்கிறது.

எங்கள் ஊரில் மண்டபம் கேம்ப் என்றே ஒரு ரயில் நிலையம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் சிலோன் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களை, காலராவோ பிளேக்கோ அம்மையோ கொண்டுபோய்விடக் கூடாது என்று நிறுத்திவைத்துச் சோதித்த இடம் அது. சிலோன் அரசாங்கம் இந்தக் கரையில் நடத்திய முகாம். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1983க்கு அப்புறம் அதே கேம்ப்பில் எதிர்த்திசையிலிருந்து, போருக்குத் தப்பி வந்தவர்கள் தங்கினார்கள். கொள்ளைநோயும் போரும் ஒரே வாசல் வழியாக வந்து போன ஊரில் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தால், தீவில் அடைபட்டவர்கள் மேல் ஒரு சொந்தம் வந்துவிடுகிறது.

எங்கள் மாவட்டத்து ஏர்வாடியும் ஞாபகத்துக்கு வந்தது, மறைப்பானேன். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியலில் அங்கே ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்ததில், சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிப்போனார்கள். பேய் பிடித்தது, காத்து கருப்பு அடித்தது என்று கூட்டி வரப்பட்டவர்களும் வந்து தங்குகிற ஊர் அது. நோயாளியைப் பார்த்துப் பயப்படுவதால் யாருக்கு என்ன ஆகும் என்று இந்த மாவட்டத்துக்காரனுக்குப் படம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை.

சரி, எஜமானியம்மாவுக்கு வருவோம். அவளுக்கு ஒரு வியாதி: திடீரென்று உடம்பு விறைத்து மூச்சு தெரியாமல் பிணமாகக் கிடப்பாள். உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்பதுதான் அவளுடைய ஒரே பயம். கணவர் இறந்தபோதுகூட, நிஜமாகவே இறந்துவிட்டாரா என்று மருத்துவரைச் சோதிக்கச் சொல்கிறாள். அவள் முறை வரும்போது சோதிக்க அந்த மருத்துவர் உயிரோடு இல்லை. மேற்கொண்டு சொன்னால் படம் கெட்டுவிடும் என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல்லறைக்குள் சவப்பெட்டி. கேமரா அதை நோக்கி மெதுவாகப் போகிறது. இசை இல்லை, தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். அப்புறம் உள்ளேயிருந்து வருகிறது அலறலும் மரத்தைப் பிறாண்டுகிற ஓசையும். பெட்டிக்குள் இருப்பதை ஒரு தடவைகூட நமக்குக் காட்டுவதில்லை. தன்னை மிகவும் பயமுறுத்திய 11 படங்கள் என்று ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி ஒரு பட்டியல் போட்டபோது இதையும் சேர்த்திருந்தார். இந்த ஒரு நிமிடத்துக்காகவே சேர்த்திருக்கலாம்.

அதற்குப் பிறகு வெள்ளை உடையில் மரங்களுக்கு நடுவே அவள் அலைகிற காட்சிகள், கையில் ஒரு திரிசூலம், காற்றில் அசையும் துணி. இருட்டையும் கல்லறையையும் வைத்துப் பயமுறுத்துகிற கோதிக் படம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்தக் கடைசிக் கால்மணி நேரத்தைக் காட்டலாம். தீவின் தோற்றம் ஆர்னால்ட் பெக்லின் என்ற சுவிஸ் ஓவியர் 1880களில் திரும்பத் திரும்ப வரைந்த ஓவியத்திலிருந்து வந்தது. படத்தின் பெயரும் அதுதான்: செத்தவர்களின் தீவு.

குறைகளும் உண்டு. பத்திரிகைக்காரனுக்கும் தியாவுக்கும் காதல் என்கிறார்கள். இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி பக்கத்தில் நிற்கிறார்கள், அவ்வளவுதான். நடுவில் பேச்சு அதிகம். அந்த வீட்டில் இருக்கும் தொல்பொருள் ஆராய்ச்சிக்காரர், ஹெர்மிஸ் என்கிற பழைய கிரேக்கக் கடவுளுக்குத் தீ மூட்டுகிற பகுதியும் அவருடைய தத்துவமும் என்னைக் கொட்டாவி விட வைத்தன. ஜெனரலின் மனைவி கல்லறை காலியான விஷயத்துக்கு ஒரு காரணம் சொல்லிவிட்டு அப்படியே கைகழுவிவிட்டார்கள். கதை வேறு எங்கோ போகத் திட்டமிட்டு, இடையில் மாறியது போலத் தெரிகிறது. தீவு முழுக்க ஸ்டுடியோ என்பதும் கடல் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். அந்தத் தண்ணீரில் உப்பே இல்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். தமிழ் சப்டைட்டில் எனக்குக் கிடைத்த பிரதியில் இல்லை, ஆங்கில எழுத்துகளைப் படித்துத்தான் பார்த்தோம். அத்தைக்கு நான் சொல்லிக்கொண்டே வந்தேன், அவரும் கிழவியைத் திட்டிக்கொண்டே வந்தார். போனில் பார்ப்பதானால் ஹெட்போன் கட்டாயம், அந்தச் சொட்டுச் சத்தம் ஸ்பீக்கரில் கேட்காது. பிள்ளைகளோடு பார்க்கலாம், ரத்தமும் ஆபாசமும் இல்லை. சவப்பெட்டிக் காட்சிக்கு மட்டும் அவர்களைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிடுங்கள்.