முத்துராஜவெலச் சேற்றுக்கு எந்தச் சைக்கிள்: கியரா, ஒற்றைப்பல்லா?

வத்தளைப் பக்கமிருந்து ஹமில்டன் கால்வாய்க் கரை வழியே, தார் போடாத துண்டுகளாகப் பார்த்து முத்துராஜவெலச் சதுப்பு நிலத்தில் ஒரு முழு நாள் ஓடுவதென்றால் என் தேர்வு கியர் இல்லாத ஒற்றைப்பல் சைக்கிள்தான். கியர் மவுண்டன் சைக்கிள் எதிர்க்காற்றில் உதவும், ஏற்றத்தில் உதவும். இங்கே ஏற்றமே இல்லை. விலை வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்தது.

தீர்மானிப்பது உப்பு. 1802இல் தொடங்கி 1804இல் முடிந்த இந்தக் கால்வாயை வெட்டியதே சதுப்புக்குள் ஏறிய உப்புத் தண்ணீரை வடிக்கத்தான். நீர்கொழும்புக் களப்பை நெருங்க நெருங்கச் சேற்றில் உவர் கூடும். அந்தச் சேறு காயும்வரை விட்டால் மறுநாளே செயினில் கறள் பிடிக்கும்.

கியர் சைக்கிளில் அது போய் உட்காரும் இடங்கள் அதிகம்: பின்பல் அடுக்கின் இடைவெளிகள், செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் டிரெயிலியரின் (derailleur) இரண்டு சிறு சில்லுகள், கியர் கேபிளின் உறை. உறைக்குள் ஈரமண் போனால் கியர் பிந்தி விழும்; கேபிளையும் உறையையும் மாற்றுவதே வழி. புல் சுற்றி டிரெயிலியர் பின் சில்லுக்குள் இழுபட்டால் அதைத் தாங்கும் ஹேங்கர் வளையும். அன்றைய ஓட்டம் அத்தோடு சரி.

ஒற்றைப்பல்லில் ஒரு செயின், இரண்டு பல்சக்கரம். அன்று மாலையே வாளியில் நல்ல தண்ணீர் எடுத்து மேலிருந்து ஊற்றிக் கழுவி, துணியால் ஒற்றி, செயின் உருளை ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வெளியே வழிவதைத் துடைத்தால் போதும். பிரஷர் வோஷர் மட்டும் வேண்டாம். ஹப்பின் கிரீஸை அடித்துக்கொண்டு போய்விடும். சீற் கம்பியைக் கழற்றிச் சைக்கிளைக் கவிழ்த்து உள்ளே தேங்கிய தண்ணீரை வடிய விடுங்கள். பெடல் கைகள் இரண்டையும் இணைக்கும் நடு அச்சு குண்டு போட்ட பழைய மாதிரியானால், மழைக்காலம் முடிந்ததும் திறந்து பக்கத்துக்கு 11 கால் அங்குலக் குண்டு புதிதாகப் போட்டுக் கிரீஸ் அடைப்பது நல்லது. இரண்டு பக்கத்துக்கும் செலவு அதிகமில்லை.

ஆனால் கடையிலிருந்து வந்தபடியே சேற்றுக்குள் இறக்கக் கூடாது. முன்னால் 44, பின்னால் 18 பல் என்பது இளகிய மண்ணில் கனக்கும். பின்பல்லை 22 ஆக்கினால் 2-க்கு 1 வரும்; செயினில் ஒரு சோடிக் கண்ணி கூட்ட வேண்டியிருக்கும். மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில் இரண்டு விரல் போகாவிட்டால் களிமண் அடைத்துச் சில்லு நின்றுவிடும். ஒடுங்கிய டயர் புதையும், 2.1 அங்குல டயரில் 28 முதல் 30 பிஎஸ்ஐ காற்று போதும், சட்டமும் அதற்கு இடம் தர வேண்டும்.

பின்சில்லு பஞ்சரானால் கழற்ற 15 மில்லிமீற்றர் ஸ்பானர் வேண்டும், கியர் சைக்கிளின் நெம்புப்பிடி போல ஒரு நொடியில் வராது. திரும்பப் பூட்டும்போது செயின் நடுவில் ஒரு சென்ரிமீற்றர் தளர்வு இருக்கட்டும். இறுக்கிவிட்டால் பல்லும் பெயரிங்கும் சீக்கிரம் தேயும்.

அதே சைக்கிளில் கண்டி வீதியால் மலைநாட்டுக்கும் ஏறப் போகிறவர் கியரையே எடுக்க வேண்டும். இந்தத் தீர்ப்பு தட்டையான உவர் நிலத்துக்கு மட்டும்.