மக்காச்சோளத்தில் களை: வீல் ஹோவா, பவர் வீடரா, மாட்டு ஏரா?

மக்காச்சோளத்துக்கு முதல் 40 நாள்தான் கண்டம். அதுவரை வயல் சுத்தமாக இருந்தால், அப்புறம் தோகை விரிந்து நிழல் மூடிவிடும். அந்த 40 நாளை எந்தக் கருவியால் கடப்பது என்பது விதைக்கும் அன்றே முடிவாகிவிடுகிறது. 60×25 செ.மீ. இடைவெளியில் கயிறு பிடித்து நேராக விதைத்த வயலில் மூன்றுமே ஓடும். வரிசை ஒரு சாண் வளைந்தால், எஞ்சினால் கத்தி சுழலும் பவர் வீடர் பயிரையும் சேர்த்துக் கொத்திவிடும். அங்கே கைக்களைதான் வழி.

சக்கரம் வைத்துக் கையால் தள்ளும் வீல் ஹோ ஓர் ஏக்கருக்குள் உள்ளவர்களுக்குப் போதும். அலகு 15 முதல் 20 செ.மீ. அகலம் என்பதால் ஒவ்வோர் இடைவெளியிலும் இரண்டு முறை போய்வர வேண்டும். களை இரண்டு, மூன்று இலையில் இருக்கும்போது, அதாவது விதைத்த 12 முதல் 15 நாளில் இறக்கினால் 2 செ.மீ. ஆழமே போதும், வேர் அறுந்துவிடும். ஒரு வாரம் தள்ளினால் சாரணைக் களை கொடி ஓடிவிடும். அலகு அதை வெட்டாமல் மேலே வழுக்கிப்போகும். அலகை அரம் போட்டுக் கூராக வைக்காதவர்கள்தான் 'இது வேலைக்கு ஆகாது' என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள்.

பவர் வீடர் வேகமானது. ஆனால் 60 செ.மீ. வரிசைக்குள் சுழலும் அகலம் 40 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. செடியின் இரு பக்கமும் 10 செ.மீ. விட வேண்டும். அகலம் கூடினால் வெளிக் கத்திகளைக் கழற்றிவிடுங்கள். 25 நாளுக்குப் பிறகு மக்காச்சோளத்தின் பக்கவேர் நடு இடைவெளிவரை வந்துவிடும். அப்போது 5 செ.மீ.க்குக் கீழே இறக்கினால் வேர் அறுந்து, மறுநாள் வெயிலில் தோகை சுருளும்.

இதைவிடப் பெரிய ஆபத்து கோரை. ஒரு கோரைச் செடிக்குக் கீழே கிழங்குகள் சங்கிலியாகக் கோத்திருக்கும். நுனிக்கிழங்கு முளைத்து மற்றவற்றை உறங்க வைத்திருக்கும். சுழலும் கத்தி சங்கிலியைத் துண்டாக்கியதும் உறங்கிய கிழங்குகளும் முளைக்கும். அருகம்புல்லும் அப்படித்தான்: துண்டு துண்டாக வயல் முழுக்கப் பரவும், இயந்திரத்தின் சுழல்தண்டிலும் சுற்றிக்கொள்ளும். அதை எடுக்கும் முன் எஞ்சினைக் கட்டாயம் நிறுத்துங்கள். கோரை மண்டிய வயலில் பவர் வீடரை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். கோடை உழவில் கிழங்கை மேலே புரட்டி வெயிலில் காயவிடுவதே அங்கே முதல் வேலை.

பெரம்பலூர் பக்கத்துக் கரிசலில் மாட்டு ஏர் இடையுழவு இன்னும் நல்ல தேர்வு. மழைக்குப் பின் இயந்திரம் புதையும் ஈரத்திலும் மாடு நடக்கும் என்று அவசரப்படாதீர்கள். ஈரத்தில் உழுத கரிசல் கட்டியாக இறுகிவிடும். மண்ணைக் கையில் பிடித்து, விரலால் தட்டினால் உதிர வேண்டும். மாட்டுக்கு வாய்க்கூடு மறக்கக்கூடாது.

உடுமலை போன்ற பாசனப் பகுதியில் இவை எல்லாவற்றுக்கும் முன்பே ஒரு வழி உண்டு. விதைக்கும் முன் பார் (மேடும் சாலும்) பிடித்து ஒரு தண்ணீர் விட்டு, 10 முதல் 14 நாள் காத்திருந்து, முளைத்த களையை மேலோட்டமாகச் சுரண்டிவிட்டு விதைப்பது. சுரண்டியபின் மறுபடி ஆழ உழுதால் அடியில் கிடக்கும் களைவிதை மேலே வந்து, பட்ட பாடு வீணாகும். மானாவாரியில் இது வேண்டாம். காத்திருக்கும் நேரத்தில் விதைப்பு ஈரம் போய்விடும்.

ஊடுபயிராகத் தட்டைப்பயறோ உளுந்தோ போட்டால் நிழல் கிடைக்கும், ஆனால் மூன்று கருவிக்கும் வழி அடைபடும். ஆள் கிடைக்கும் இடத்தில் மட்டுமே இது சரிவரும்.

எந்தக் கருவியும் செடிக்கும் செடிக்கும் நடுவே உள்ள களையைத் தொடாது. அதற்கு 25ஆம் நாள் மேலுரம் வைத்த கையோடு மண் அணையுங்கள். 5 செ.மீ. மண் ஏறினால் சிறு களை மூச்சடைத்துப் போகும். களைவெட்டிய இரண்டு நாளுக்குத் தண்ணீர் விடாதீர்கள். ஈரம் கண்டால் அறுந்த சாரணை மறுபடி வேர் பிடிக்கும்.