வீங்கிய பெருந்தமனி, கசியும் வால்வு: எந்த அறுவை யாருக்கு?

இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருந்தமனியின் அடிப்பகுதி வீங்கி, அங்குள்ள வால்வும் கசிகிறது என்று எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கை வந்தால், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்துக் குடும்பம் முதலில் கேட்பது, அறுவை கட்டாயமா என்பதுதான். விட்டம் 5.5 சென்டிமீட்டரை எட்டினால் பொதுவாக அறுவைக்குச் சொல்வார்கள். உடலின் இணைப்புத் திசுவைத் தளர்த்தும் பரம்பரை நோயான மார்ஃபான் உள்ளவர்களுக்கு 5 சென்டிமீட்டரிலேயே சொல்லிவிடுவார்கள். கசிவு கடுமையாகி மூச்சு வாங்கத் தொடங்கினாலோ, இதயத்தின் இடது கீழறை தளர்ந்தாலோ, விட்டம் அந்த அளவை எட்டும்வரை காத்திருக்கக் கூடாது. எந்த அறுவை என்ற அடுத்த கேள்விதான் கடினமானது. அதை முழுக்க மருத்துவரின் முடிவுக்கே விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து; அறுவை கோலாலம்பூரில் ஐ.ஜே.என். (தேசிய இதய மருத்துவமனை) போன்ற இடத்தில் ஒரே நாளில் முடிந்துவிடும், அதற்குப் பிந்திய வாழ்க்கையை நடத்த வேண்டியது இங்கேதான்.

பழகிய வழி பென்டால் அறுவை. ஹ்யூ பென்டாலும் அந்தோணி டி போனோவும் 1968-இல் லண்டனில் விவரித்த இந்த முறையில், வீங்கிய பகுதியையும் வால்வையும் சேர்த்து அகற்றிவிட்டு, செயற்கை வால்வு பொருத்திய டேக்ரான் (செயற்கை இழைத் துணி) குழாயை அந்த இடத்தில் வைத்து, இதயத் தசைக்கு இரத்தம் தரும் கொரோனரி நாளங்கள் இரண்டையும் அதில் மீண்டும் இணைத்துத் தைக்கிறார்கள். குழாயில் இயந்திர வால்வு இருந்தால் அது எளிதில் தேயாது. வால்வுக்காக மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டி வருவது அரிது. அதற்கு ஈடாக இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை ஆயுள் முழுதும் சாப்பிட வேண்டும்.

அந்த மாத்திரையின் பின்னால் வரும் ஒழுங்கைக் குடும்பம் சரியாக அறிந்திருக்க வேண்டும். இரத்தம் உறையும் வேகத்தைச் சோதித்துச் சொல்லும் ஐ.என்.ஆர். அளவு பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் இரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம், கூடினால் இரத்தப்போக்கு வரலாம். எங்கள் வீட்டு வரிசையில் வசிக்கும் முன்னாள் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் தம் சிகிச்சைப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார், தேதி, ஐ.என்.ஆர்., அடுத்த வாரத்து மாத்திரை அளவு என மூன்று வரிசைகள் அதில் நிரம்பியிருக்கின்றன. வீட்டுக்குப் பின்னால் முருங்கையும் மரவள்ளிக் கொழுந்தும் தாராளமாகக் கிடைப்பதால், ஒரு வாரம் தினமும் கீரை, மறு வாரம் துளியும் இல்லை என்றால் அளவு ஆடிப்போகிறது. கீரையை நிறுத்த வேண்டியதில்லை; வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். கடையில் வாங்கும் வலி மாத்திரையும், சீன மருந்துக்கடை மூலிகையும், சில ஆன்டிபயாட்டிக்குகளும் இதைவிடப் பெரிய ஆபத்து. டிங்கி காய்ச்சல் வந்து தட்டணுக்கள் குறையும்போது வார்ஃபரினும் உடலில் இருந்தால் நிலைமை மோசமாகலாம் என்பதால், காய்ச்சல் கண்ட அன்றே கிளினிக்கில் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். செம்பனை அரிவாளும் மட்டை முள்ளும் அன்றாட வேலையாக உள்ளவர் இதையெல்லாம் இரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே பென்டால் குழாயில் மாட்டின் இதய உறையிலிருந்தோ பன்றியின் வால்விலிருந்தோ செய்த திசு வால்வை வைத்தால், ஆயுள் முழுதும் வார்ஃபரின் வேண்டியதில்லை. ஆனால் பத்து, பதினைந்து ஆண்டுகளில் அது தேயலாம். வயது குறைவாக இருந்தால் தேய்மானம் இன்னும் விரைவு. எந்த விலங்கின் திசு என்பது சமய உணர்வைத் தொடும் கேள்வி என்றால், அதைத் தயங்காமல் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

மூன்றாவது வழி, சொந்த வால்வையே காப்பாற்றுவது. டொராண்டோவின் டைரோன் டேவிட் 1992-இல் வெளியிட்ட முறை இதில் பெயர்பெற்றது. கதவு நிலை அகன்றுவிட்டால் நல்ல கதவுகளும் ஒன்றோடொன்று சேராததுபோல, வீங்கிய அடிப்பகுதி இழுத்துப் பிரித்ததால்தான் பலரிடம் வால்வு கசிகிறது, திறந்து மூடும் அதன் இதழ்கள் கெட்டிருப்பதில்லை. அவர்களுக்கு வீங்கிய சுவரை மட்டும் அகற்றி, சொந்த வால்வை டேக்ரான் குழாய்க்குள் வைத்துத் தைக்கலாம். வார்ஃபரின் வாழ்நாள் கட்டாயமாகாது, செயற்கை வால்வில் கிருமித்தொற்று வரும் அச்சமும் இல்லை. இதழ்கள் தடித்தோ, கிழிந்தோ, சுண்ணாம்பு படிந்தோ இருந்தால் இது பலிக்காது. மருத்துவருக்கு இந்த அறுவையில் நல்ல அனுபவமும் வேண்டும். பின்னாளில் கசிவு திரும்பினால் மறு அறுவையும் நேரலாம்.

இதழ்கள் நன்றாக இருந்து அனுபவமுள்ள மருத்துவரும் கிடைத்தால், டேவிட் முறையையே நான் முதலில் வைப்பேன். இல்லையென்றால், 50 வயதுக்குக் கீழே, ஐ.என்.ஆர். சோதனைக்குத் தவறாமல் போகக்கூடியவருக்கு இயந்திர வால்வு. 65-க்கு மேல் திசு வால்வு. இடைப்பட்ட வயதில் வேலையும் கிளினிக் தூரமும் மாத்திரை ஒழுங்கும்தான் தீர்மானிக்க வேண்டும். பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் பெண்ணுக்கு வார்ஃபரின் கருவைப் பாதிக்கக்கூடியது என்பதால், அவர் விஷயத்தில் வயதுக் கணக்கு மட்டும் போதாது.

சொந்த வால்வைக் காக்க முடியுமா என்பது சில வேளை நெஞ்சைத் திறந்த பிறகே தெரியும். ஆகவே ஒப்புதல் கையெழுத்துக்கு முன், “டாக்டர், காப்பாற்ற முடியாவிட்டால் எந்த வால்வை வைப்பீர்கள்?” என்று கேட்டு, பதிலைக் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். காத்திருக்கும் காலத்தில் இரத்த அழுத்த மாத்திரையை விடக் கூடாது, செம்பனைக் குலை தூக்கக் கூடாது, சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்கைத் தவிர்க்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். மூன்று இதழுக்குப் பதில் இரண்டே இதழ் கொண்ட வால்வோ, மார்ஃபான் நோயோ காரணம் என்று தெரிந்தால், உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் எக்கோ எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பது அவசியம்.