500 கிலோமீட்டர் வரை அரை ஆக்சிலேட்டர்தான்

இந்த மெக்கானிக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சென்னை புதுப்பேட்டையில் பழைய கார் கதவுகளும் பம்பர்களும் சுவரோரம் அடுக்கியிருக்கும் சந்துகளில் ஒன்றில், டீக்கடையை ஒட்டிப் பத்துக்கு எட்டடி இடம். வாசலில் எப்போதும் இரண்டு மூன்று யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் நிற்கும், அதுதான் அடையாளம். நடத்துகிறவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படித்தான். என் ஆர்எக்ஸ் 100-க்கு இங்கே ரீபோர் போட்டு, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிப் புதுப் பிஸ்டன் மாட்டி, ஆறு வாரம் ஆகிறது, 840 கிலோமீட்டர் ஓடிவிட்டது. வண்டி வெளியே வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். ரீபோர் போட்ட வண்டியைப் பற்றி முதல் நாளே என்ன சொல்ல முடியும் என்று மூடி வைத்துவிட்டேன்.

வண்டி அப்பா 1993-ல் வாங்கியது. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், நாலு கியர். எஸ்கார்ட்ஸோடு சேர்ந்து யமஹா 1985-ல் இறக்கி, புகை விதிகள் இறுகியதும் 1996-ல் நிறுத்திய அதே வண்டிதான். பதினோரு குதிரைசக்தியை வைத்துக்கொண்டு அது அந்தக் காலத்தில் என்ன ஆட்டம் போட்டது என்று உங்கள் வீட்டுச் சித்தப்பாக்கள் சொல்லியிருப்பார்கள், நான் வேறு சொல்ல வேண்டாம்.

பாயிடம் போனதற்குக் காரணம் ஒரு அடி. அதற்கு ஆறு மாதம் முன்பு வேறொரு இடத்தில் ரீபோர் போட்டேன். காலையில் கொடுத்தேன், மறுநாள் சாயங்காலம் கையில் வண்டி. "அப்படியே ஓட்டுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றார்கள். ஓட்டினேன். இருபது கிலோமீட்டர்கூட ஆகவில்லை, கத்திப்பாரா பாலத்தின் மேல் பின்சக்கரம் சட்டென்று இறுகியது. இன்ஜின் ஜாம். பின்னால் ஒரு தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது. எந்தப் புண்ணியமோ, கை தானாகக் கிளட்சைப் பிடித்துவிட்டது. பிடிக்காமல் இருந்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

பாய் பிரித்துப் பார்த்துவிட்டு இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டார். இந்த வண்டியில் டூ-டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் உரசலைக் குறைக்கும் ஆயில்) தனி டேங்கில் இருந்து பம்ப் வழியாக இன்ஜினுக்குப் போகிறது. பிரித்து மாட்டும்போது அந்தக் குழாயில் காற்று புகுந்துவிட்டால், அதைத் திருகைத் தளர்த்தி வெளியேற்ற வேண்டும். யாரும் செய்யவில்லை. டேங்க் நிறைய ஆயில் இருந்தும் பிஸ்டனுக்கு ஒரு சொட்டு போகவில்லை. பிஸ்டனின் ஒரு பக்கம் முழுக்கக் கோடு கோடாக உரிந்திருந்தது. அதை ஒரு பாலிதீன் கவரில் போட்டுக் கொடுத்தார். வீட்டில் டிவி மேல் வைத்திருக்கிறேன்.

இனி வேலை. சிலிண்டரை லேத்துக்கு அனுப்பி அடுத்த சைஸுக்குக் கடைந்து வாங்கினார். இந்த பிஸ்டன்கள் கால் மில்லிமீட்டர் கால் மில்லிமீட்டராகப் பெரிதாகும், என்னுடையது இப்போது அரை மில்லி ஓவர்சைஸ். பிஸ்டனை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் என்னையே வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்த பிறகுதான், அந்தப் பிஸ்டனை அளந்து, சிலிண்டரை லேத்துக்குக் கொடுத்தார். இது சின்ன விஷயம் இல்லை. முன்பு போன இடத்தில் சிலிண்டரை முதலில் கடைந்துவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடினார்கள். சுவருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. அதில் குத்துமதிப்புக்கு இடமே கிடையாது.

ஹோனிங் (கடைந்த சுவரைக் கல்லால் தேய்ப்பது) முடிந்து சிலிண்டர் வந்ததும் டார்ச் அடித்து உள்ளே காட்டினார். சுவர் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள். வழவழப்பாக இருக்க வேண்டாமா என்று கேட்டேன். "வழவழன்னு இருந்தா ஆயில் எங்க தம்பி நிக்கும்? இந்தக் கோட்டுலதான் நிக்கும். பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரிங்கு மேல கீழ போய்ப் போய் கோட்டோட முனையை மட்டும் தேய்க்கணும். அப்பதான் ரெண்டும் ஒண்ணா உக்காரும்."

எனக்கு ஆயாவின் அம்மி ஞாபகம் வந்தது. கொத்திய அம்மியில் முதல் நாள் யாரும் மிளகாய் அரைக்க மாட்டார்கள். தவிடோ நொய்யோ போட்டு இரண்டு மூன்று தடவை அரைத்துக் கொட்டுவார்கள், கல்லின் பொடி போய் முனை மழுங்கும்வரை. ரீபோர் போட்ட இன்ஜினுக்கும் அதே கதைதான். வித்தியாசம், இங்கே அவசரப்பட்டால் சட்னியில் மண் வராது, முனைகள் உரசும் சூட்டில் பிஸ்டன் விரிந்து சுவரைக் கடித்துவிடும். ரொம்பப் பொத்திப் பொத்தி ஓட்டினாலும் தப்பு. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தம்தான். அது இல்லையென்றால் ரிங் உட்காராமலே கோடுகள் மெருகேறிவிடும், அப்புறம் பிக்கப் வராது.

பாய் டீக்கடைத் துண்டுச்சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தது இன்னும் பர்ஸில் இருக்கிறது. முதல் நாள் ஓட்டவே கூடாது. ஸ்டார்ட் செய்து மூன்று நிமிடம், அணைத்துவிட்டுக் கை வைத்தால் சில்லென்று இருக்கும்வரை காத்திருக்க வேண்டும். இப்படி மூன்று முறை. பிறகு ஆறிய இன்ஜினில் ஹெட் நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும், அதை அவரே கடையில் வைத்துச் செய்தார். பம்ப் ஆயில் ஊற்றினாலும் முதல் இரண்டு டேங்குக்கு லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயிலைப் பெட்ரோலிலும் கலக்க வேண்டும். 200 கிலோமீட்டர்வரை 40-ஐத் தாண்டக் கூடாது, 500 வரை அரை ஆக்சிலேட்டர். ஒரே வேகத்தில் போகாமல் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். டாப் கியரில் வண்டியை முக்க விடக் கூடாது. பின்னால் ஆள் ஏற்றக் கூடாது.

கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தார்: ஆக்சிலேட்டரைப் பட்டென்று விடாதே. இதன் காரணம் எனக்குப் புதிது. ஆயில் பம்ப் ஆக்சிலேட்டர் கேபிளோடு சேர்ந்தது. வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது கையை முழுக்க விட்டால் இன்ஜின் அதே சுற்றில் சுற்றும், ஆயிலோ குறைந்துவிடும். பாலத்தில் இருந்து இறங்கும்போது எல்லோரும் செய்வது இதைத்தான். கிளட்சைப் பிடித்துக்கொள் அல்லது நடுநடுவே கொஞ்சம் முறுக்கிக் கொடு என்றார்.

கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துளையான மெயின் ஜெட்டை ஒரு நம்பர் பெரிதாகப் போட்டார். பெட்ரோலில் ஆயில் கலந்தால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது. போதாததற்கு இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால். அதற்கு அதிக எரிபொருள் வேண்டும், இந்தக் காலத்து வண்டி சென்சார் வைத்துச் சரிசெய்துகொள்ளும், 1993-ம் வருடத்து ஜெட்டுக்கு அது தெரியாது. கலவை மெலிந்தால் சூடு, சூடு வந்தால் மறுபடி கத்திப்பாரா.

ஆதம்பாக்கத்தில் இருந்துகொண்டு இந்தச் சீட்டின்படி ஓட்டுவது தனிப் பாடு. வேளச்சேரி விஜயநகர் சிக்னலில் ஒரு முறை நின்றால் போதும், காற்றில் ஆறும் இன்ஜின் அடுப்பாகிவிடும். அதனால் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஈசிஆர். திருவான்மியூர் தாண்டி, முட்டுக்காடு பாலம், கோவளம், சில நாள் மாமல்லபுரம்வரை. மீன் வண்டிகளும் சைக்கிள்காரர்களும் என்னை முந்திக்கொண்டு போனார்கள். ஒரு சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறவனுக்கு இதைவிட அவமானம் இல்லை.

கனடாவில் இருக்கும் பெரியம்மா மகன் அப்போதுதான் பனி மேல் ஓட்டும் ஸ்னோமொபைல் வாங்கியிருந்தான், அதுவும் டூ ஸ்ட்ரோக். அவனுக்கும் முதல் டேங்கில் கூடுதல் ஆயில், முழு ஆக்சிலேட்டர் கூடாது, அதே பாட்டு. அங்கேயும் சூட்டுப் பிரச்சினை உண்டாம். அந்த இன்ஜினின் தண்ணீரைக் குளிர வைப்பது வண்டிக்கு அடியில் சுழலும் பட்டை வாரி அடிக்கும் பனி. பனித்தூள் இல்லாத வெறும் ஐஸ் மேல் ஓட்டினால் இன்ஜின் கொதிக்கும். மைனஸ் இருபதில் நின்றுகொண்டு "சூடாகுதுடா" என்கிறான். நான் விஜயநகர் சிக்னலைப் பற்றிச் சொன்னேன், சிரித்துக்கொண்டோம்.

குறைகள் இருக்கின்றன. நான்கு நாள் என்று சொல்லிப் பதினொரு நாள் ஆக்கினார். போன் எடுப்பது அவர் மனசைப் பொறுத்தது. பில் கேட்டால் அதே துண்டுச்சீட்டு வருகிறது. கேட்காமலே சிலிண்டருக்குக் கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டார், அப்பாவுக்கு அதில் இன்னும் வருத்தம். வெள்ளிக்கிழமை மதியம் கடை மூடியிருக்கும், தெரியாமல் போய் வெயிலில் நின்றது என் தப்பு. செலவு, பிஸ்டன், கிராங்க் பேரிங், ஆயில் சீல், லேத் வேலை, லேபர் எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய். முதலில் போன இடத்தில் இதில் பாதிதான். அந்தப் பாதியும் இந்த 9,400-ம் சேர்ந்து என் கணக்கில் எவ்வளவு என்று வீட்டில் சொல்லவில்லை.

500 ஆனதும் வரச் சொல்லியிருந்தார், காசு வாங்கவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், டீத்தூள் நிறத்தில் இருந்தது. மூன்று முறை கிக்கரை மெதுவாக அழுத்திக் கம்ப்ரஷன் பார்த்தார். சைலன்சரில் காதை வைக்காத குறை. "இப்ப ஓட்டுங்க" என்றார், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அப்பாவை ஏற்றிக்கொண்டு நங்கநல்லூர்வரை போனேன். மூன்றாவது கியரில் 50 தாண்டியதும் அந்தப் பழைய சத்தம் வந்தது. பின்னால் இருந்து தோளில் ஒரு தட்டு விழுந்தது. மெதுவாகப் போகச் சொல்கிறார் என்று நினைத்து ஆக்சிலேட்டரைக் குறைத்தேன். "ஏன்டா விடற?" என்றார்.

கிளட்ச் பிளேட் மாற்ற அடுத்த மாதம் மறுபடி பாயிடம்தான் போகிறேன். இரண்டு நாள் வேலை என்கிறார். நான் பஸ்ஸுக்கு மாதப் பாஸ் எடுத்துவிட்டேன்.