டீக்கடை விவாதத்துக்கு நாசாவின் 'கிஸ்டெம்ப்' தரவு: பயன்படுமா?

மார்கழியில் இரண்டு நாள் பனி இறங்கினால் போதும், "உலகம் சூடாகுதுன்னாங்களே, எங்கே?" என்று சென்னை டீக்கடையில் ஆரம்பித்துவிடுவார்கள். பதில் சொல்ல, நாசாவின் உலக வெப்பநிலைப் பதிவான 'கிஸ்டெம்ப்' நல்ல கருவி. இலவசம், 1880 முதல் நிலமும் கடலும் சேர்த்து வெப்பநிலைத் தரவை மாதவாரியாகத் தருகிறது.

உலகச் சராசரி சிஎஸ்வி (அட்டவணைத் தரவு) கோப்பை எக்செல்லில் திறந்ததும் முதல் வரியை நீக்குங்கள், அது வெறும் தலைப்பு. இன்னும் வராத மாதங்களில் மூன்று நட்சத்திரக் குறி நிற்கும். அதையும் காலி செய்யாவிட்டால் வரைபடம் கோணலாகும். 'ஜே-டி' (ஜனவரி–டிசம்பர்) பத்திதான் ஆண்டுச் சராசரி. அதிலிருப்பது நேரடி வெப்பநிலை அல்ல, 1951–1980 சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்பது. பாதிப் பேர் குழம்புவது இங்கேதான்.

மீதிப் பேர் தொடக்க ஆண்டில் சறுக்குகிறார்கள். எல் நினோ (பசிபிக் கடல் சூடேறி உலகைச் சூடாக்கும் நிலை) உச்சத்திலிருந்த 1998-ஐயும் லா நினா (அதற்கு நேர்மாறான குளிர் நிலை) நிலவிய 2008-ஐயும் மட்டும் கோடு போட்டு இணைத்தால் உலகம் குளிர்ந்த மாதிரி தெரியும். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினதுபோ எரிமலை வெடித்த பிறகும் ஒரு சரிவு உண்டு. முழுக் கோப்பையும் போடுங்கள். 1970-களுக்குப் பின் ஏற்றம் கண்ணுக்கே தெரியும்.

தனித்தனி வானிலை நிலையங்களின் தரவும் உண்டு. "எண்களைத் திருத்திட்டாங்க" என்பவருக்கு, திருத்தாததையும் திருத்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டலாம். கைபேசியில் மட்டும் அந்தப் பக்கம் படுத்துகிறது.