கனடாவின் காலநிலைச் சராசரித் தரவுச் சேவை: பனி வழிப்பவரின் மதிப்பீடு

கனடாவின் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சு இணையத்தில் இலவசமாக வழங்கும் காலநிலைச் சராசரித் தரவுகளை நான் முதன்முதலில் திறந்து பார்த்தது, ரொறொன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து அதற்கு வடக்கேயுள்ள பாரி நகருக்குக் குடிபெயர்ந்து ஒரு குளிர்காலம் முழுவதும் அவதிப்பட்ட பிறகுதான். வீடு பார்க்கப் போன நாட்களிலேயே அதைப் பார்த்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் இன்றும் இருக்கிறது. அதனாலேயே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

முதல் ஆண்டு, வாசலில் விழும் பனியை வழிப்பதற்கு ஒரு நிறுவனத்துடன் பருவகால ஒப்பந்தம் செய்தேன். 5 சென்ரிமீற்றருக்கு மேல் பனி கொட்டும் நாட்களில் வருவார்கள், பருவத்துக்கு 8 தடவைகள் மட்டும் என்பது நிபந்தனை. ஸ்காபரோவில் வாழ்ந்த பழக்கத்தில் எட்டுத் தடவை தாராளம் என்று நம்பிக் கையொப்பமிட்டேன். சனவரி நடுப்பகுதிக்குள் எட்டும் முடிந்துவிட்டன. அதன் பின்னர், பனி தள்ளும் வண்டி தெருவைத் துப்புரவாக்கிப் போகும்போது வாசல் முகப்பில் குவித்துவிட்டுச் செல்லும் முழங்கால் உயரக் கட்டிகளை, உப்பும் மணலும் கலந்து கல்லாக இறுகிய அந்தச் சாம்பல் நிறப் பனியை, விடிவதற்கு முன் எழுந்து நானும் மனைவியும் உடைத்து அள்ளினோம்.

இந்தச் சேவையில் ஊரின் பெயரைக் கொடுத்தால் அருகிலுள்ள வானிலை நிலையத்தின் முப்பது ஆண்டுச் சராசரி மாதவாரியாகக் கிடைக்கும். 1981 முதல் 2010 வரையான அட்டவணைப்படி ரொறொன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் ஆண்டுக்குச் சுமார் 108 சென்ரிமீற்றர் பனி விழுகிறது. அங்கிருந்து ஒரு மணிநேர ஓட்டத்திலுள்ள பாரியில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. வன்கூவருக்கு 38, மொன்றியலுக்கு ஏறத்தாழ 210, கியூபெக் நகருக்கு 303, நியூபவுண்ட்லாந்தின் சென்ற் ஜோன்ஸுக்கு 335 என்று எண்கள் விரிகின்றன. என்னை மிகவும் சிந்திக்க வைத்தது வினிப்பெக். குளிருக்குப் பேர்போன அந்த நகருக்குச் சுமார் 114 சென்ரிமீற்றர்தான். ரொறொன்ரோவைவிடச் சற்றே அதிகம். குளிர் கடுமையானால் பனியும் அதிகம் என்று நம்மவர்கள் பொதுவாகக் கொண்டிருக்கும் எண்ணத்தை இந்த ஒரு வரி திருத்திவிடுகிறது. பனி பெய்யக் குளிர் மட்டும் போதாது, காற்றில் ஈரமும் வேண்டும். கடலுக்கு வெகு தொலைவில், வறண்ட சமவெளியின் நடுவே இருக்கும் வினிப்பெக்கில் அந்த ஈரம் குறைவு.

பாரியின் கதை இதற்கு நேர்மாறானது. வடமேற்கிலிருந்து வரும் உறைகுளிர்க் காற்று, கோடையின் வெப்பத்தை இன்னும் இழக்காத ஹூரன் ஏரியையும் ஜோர்ஜியன் குடாவையும் கடக்கும்போது நீராவியை அள்ளிக்கொண்டு, கரையேறியதும் ஒடுங்கிய பட்டைகளாகப் பனியைக் கொட்டுகிறது. பட்டைக்குள் அகப்பட்ட தெருவில் கார் புதைந்து கிடக்க, பத்துக் கிலோமீற்றர் தள்ளி வெயில் எறிக்கும். குடா உறைந்த பிறகு ஈரம் கிடைப்பது தடைப்படுவதால் கொட்டுவதும் தணிகிறது. ரொறொன்ரோவோ ஒன்ராறியோ ஏரியின் வடமேற்குக் கரையில் இருப்பதால், அந்த ஏரியின் ஈரம் பெரும்பாலும் நியூயோர்க் மாநிலத்தின் பக்கம் போய்விடுகிறது.

ஒப்பந்தம் செய்பவர்கள் மொத்தச் சென்ரிமீற்றரை மட்டும் பார்த்து நின்றுவிடக் கூடாது. 0.2, 5, 10, 25 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் பனி விழும் நாட்கள் எத்தனை என்று தனித்தனி வரிகள் இருக்கின்றன. என் ஒப்பந்தத்துக்கு வேண்டியிருந்தது அந்த 5 சென்ரிமீற்றர் வரிதான். இந்தச் சேவையின் மிகப் பெரிய பயன் என்று நான் கருதுவது இதையே.

குறைகளும் உண்டு. பலகையில் விழுந்த பனியை அளவுகோல் வைத்து மனிதர் அளந்த நிலையங்கள் பல தானியங்கிக் கருவிகளுக்கு மாறிவிட்டதால், புதிய அட்டவணைகளில் சில ஊர்களுக்குப் பனிப்பொழிவுக் கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் வசிப்பவர்கள் பழைய அட்டவணையைப் பார்ப்பதே நல்லது. அதோடு, சராசரி என்பது உத்தரவாதம் அன்று. 1999 சனவரியில் ரொறொன்ரோ நகரின் மீது அந்த ஒரு மாதத்திலேயே ஒரு மீற்றருக்கு மேல் பனி கொட்டி, மேயர் இராணுவத்தை உதவிக்கு அழைக்க நேர்ந்தது.

இரண்டாம் ஆண்டு அட்டவணையை அச்செடுத்துக்கொண்டு வேறொருவரிடம் பேசி, தடவைக் கணக்கு இல்லாத, வாசல் முகப்புக் குவியலையும் அள்ளித்தரும் ஒப்பந்தத்தைச் சற்றுக் கூடுதல் பணம் கொடுத்து எடுத்தேன். அந்தக் குளிர்காலத்தில் பனி அள்ளும் கருவியை நான் கையில் எடுத்தது வீட்டுப் படிகளுக்கு மட்டும்தான்.